மூன்று கைப்பிடி ஆமணக்கு

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அம்மாபேட்டையில் எல்லாரும் சொல்வார்கள். எல்லாரும் என்று எழுதிவிட்டேன். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருத்தி இதைப் பார்த்தால் உடனே விரலைத் தூக்கி, "எத்தன பேருங்க டீச்சரம்மா?" என்று கேட்பாள். சரி, எண்ணிப் பார்க்கிறேன். என் அம்மா, எங்கள் தறிக்கு நூல் கொண்டுவருகிறவர், அடுத்த வீட்டு அக்காள், என்னைப் பெண் பார்க்க வந்து காபியை முடிக்காமல் எழுந்து போன ஒருவர். ஆக நாலு பேர். அம்மாபேட்டையில் நாலு பேர் சொல்வார்கள் என்று திருத்திக்கொள்கிறேன்.

இப்படித் திருத்திக்கொள்ளும் பழக்கம் எனக்குப் பிறவியில் வந்ததல்ல. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, அவர்களிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது. அந்தக் கதையைப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். அடக்கமாக எழுத எனக்கு வராது.

யுத்த காலம் அது. சேலத்தில் ஆசிரியப் பயிற்சியை முடித்த கையோடு, சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே ஒரு கிராமத்துப் பெண்கள் பள்ளியில் என்னைப் போட்டார்கள். ஓடு வேய்ந்த ஒரே நீளக் கூடம். ஒரு பாதியில் வயதான ஆசிரியை ஒருவர் சின்ன வகுப்புகளை மேய்த்துக்கொண்டிருப்பார். மறு பாதியில் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என் பொறுப்பு. ஐந்தில் பதினோரு பெண்கள். தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பெண்கள் ஆறு பேர், கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பெண்கள் ஐந்து பேர். யுத்தத்தால் காகிதத் தட்டுப்பாடு. நாலு பேருக்கு ஒரு வாசகப் புத்தகம்தான் கிடைத்தது. தலையோடு தலை முட்டிக்கொண்டு படிப்பார்கள்.

படிப்பார்கள் என்றால் வாய் படிக்கும். அதை நான் கண்டுபிடித்தது 'உழவர்' என்ற பாடத்தில். ஆற்றங்கரை ஊர்க்காரர் யாரோ எழுதிய பாடம் என்று நினைக்கிறேன். உழவர்கள் எல்லாரும் ஆற்று நீரைப் பாய்ச்சி நெல் விளைவிக்கிறார்கள், மூன்று வேளையும் அரிசிச் சோறு உண்கிறார்கள், எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. பிள்ளைகள் ராகம் போட்டுப் படித்தார்கள். நான் கேள்வி கேட்டேன். "உழவர்கள் என்ன விளைவிக்கிறார்கள்?" "நெல்லுங்க." "தண்ணீர் எங்கிருந்து பாய்ச்சுகிறார்கள்?" "ஆத்துல இருந்துங்க."

எங்கள் பள்ளியின் பின்பக்கமே ஒரு தோட்டக் கிணறு. இரண்டு மாடு கட்டித் தோல் பையில் நீர் இறைக்கும் கவலைச் சத்தம் நாள் முழுக்கக் காதில் விழும். அந்தக் கிணற்றுக்குச் சொந்தக்காரரின் மகள்தான் முதல் வரிசையில் உட்கார்ந்து ஆறு என்று பதில் சொன்னாள். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஆறு கிடையாது. நெல்லும் கிடையாது, சோளமும் கம்பும் கடலைக்காயும்தான்.

"உங்க அப்பா என்ன விதைக்கிறார்?" என்று கேட்டேன்.

"சோளமுங்க. கெணத்துத் தண்ணீங்க."

"அப்போ உங்க அப்பா உழவர்தானே?"

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். ஜன்னல் வழியே கிணற்றைப் பார்த்தாள். "இல்லீங்க டீச்சரம்மா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொழுது விடிவதற்கு முன்னால் மாடு பூட்டுகிற தகப்பனை உழவரே இல்லை என்று சொல்ல அந்தப் பெண் தயாராக இருக்கிறாள். அச்சில் வந்த ஒரு வரியைத் தப்பு என்று சொல்லத் தயாராக இல்லை. வழக்கம்போலக் கோபம் வந்தது. பிள்ளை மேலா, புத்தகத்தின் மேலா, பயிற்சிப் பள்ளியில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத என் வாத்தியார்கள் மேலா என்று தெரியவில்லை. சாக்குக் கட்டியைத்தான் உடைத்தேன்.

"இந்தப் பாடத்தை எழுதியவர் எத்தனை உழவரைப் பார்த்திருப்பார்? எந்த ஊரில் பார்த்திருப்பார்?" என்று கேட்டேன். புத்தகத்தை யாரோ ஒருவர் எழுதியிருப்பார் என்பதே அவர்களுக்குப் புதிய செய்தி.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையே அவளுடையதுதான். வகுப்பில் மூத்தவள். ஒட்டி உலர்ந்த உடம்பு, பழைய சேலைக் கரையைக் கிழித்து முடிந்த சடை. அப்பா கூலிக்குப் போகிறவர். அம்மா வீடு வீடாகப் போய் ஆமணக்கு விதையை வாங்கிச் சேர்த்து, செவ்வாய்க்கிழமைச் சந்தையில் விற்பாள். செவ்வாய்க்கிழமைகளில் இவள் பள்ளிக்கு வர மாட்டாள். 'செவ்வாய்க்கிழமைச் சோம்பேறி' என்று நான்தான் அவளுக்குப் பட்டம் வைத்திருந்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

"ஏனுங்க டீச்சரம்மா, எங்கம்மா கொட்டமுத்து வாங்கறாப்பலங்களா?" என்றாள். அந்தப் பக்கத்தில் ஆமணக்கு விதைக்குக் கொட்டமுத்து என்று பெயர்.

"எப்படி வாங்குவாங்க, சொல்லு."

"மூட்டையில மேல ஒரு கைப்பிடி எடுப்பாங்க. அது நல்லாத்தானுங்க இருக்கும். பொறவு நடுவுல கைய உட்டு ஒரு கைப்பிடி. அப்பறம் அடியில உட்டு ஒரு கைப்பிடி. அடியில கல்லும் சொத்தையும் கெடக்குமுங்க. மூணையும் மொறத்துல போட்டுப் பாத்துட்டுத்தான் இது நல்ல மூட்டை, இது ஆகாதுன்னு சொல்லுவாங்க. மேல மட்டும் பாத்தா ஏமாந்து போயிருவமுங்க." கொஞ்சம் நிறுத்தி, "பாடம் எழுதுனவங்க மேல மட்டும் கைப்பிடி எடுத்துட்டாங்களாட்டங்க" என்றாள்.

நான் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தவள். இதை இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

அன்று முதல் எங்கள் வகுப்பில் அதற்குக் கைப்பிடிப் பாடம் என்று பெயர். எந்தப் பாடத்தைப் படித்தாலும், எல்லாரும், எப்போதும், ஒருபோதும், யாருமே என்கிற சொற்கள் வரும் வரியைத் தங்கள் சிலேட்டுப் பலகையில் எழுதிக்கொள்வார்கள். எழுதியவர் எத்தனை கைப்பிடி எடுத்தார், எங்கெங்கே கையை விட்டார் என்று பாடத்துக்குள்ளேயே தேடுவார்கள். கிடைத்ததை வைத்துக்கொண்டு அந்தச் சொல் தாங்குமா, தாங்காவிட்டால் 'பல' போடலாமா, 'சில' போடலாமா, 'பெரும்பாலும்' போடலாமா என்று சண்டை நடக்கும். நான் நடுவே நின்று சண்டையைத் தூண்டிவிடுவேன். 'உழவர்கள் பலர் நெல் விளைவிக்கிறார்கள், எங்கள் ஊரில் சோளம் விளைவிக்கிறார்கள்' என்று கிணற்றுக்காரர் மகள் தன் பலகையில் எழுதிக் காட்டியபோது அவளுடைய அப்பாவுக்கு உழவர் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்த மாதிரி எனக்கு இருந்தது.

ஆனால் ஒரு மாதத்தில் அந்த அப்பாவே பள்ளி வாசலில் வந்து நின்றார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மரியாதையாகத்தான் பேசினார்.

"டீச்சரம்மா, ஒரு சங்கதிங்க. எம் புள்ள இப்பெல்லாம் வாயத் தொறந்தா எத்தன கைப்பிடிங்கறாளுங்க. சனிக்கெழம எண்ண தேச்சுக் குளிச்சா உடம்புக்கு நல்லதுன்னேன். எத்தன பேரப் பாத்தீங்கங்கறா. மழைல நனஞ்சா சளி புடிக்குமுன்னா அதுக்கும் எத்தன பேருங்கறா. ஊட்ல ஒரு பேச்சுப் பேச முடியலீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. அவர் போன பிறகு யோசித்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் பாதியைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். எதைப் படித்தாலும் உதைத்துத் தள்ளுவதும் ஒரு சோம்பேறித்தனம். மூட்டையில் கை விட்டுப் பார்க்கிறவள் கடைசியில் மூட்டையை வாங்கவும் செய்கிறாள். மேலும் நடுவும் அடியும் ஒன்றுபோலவே இருந்தால் நம்ப வேண்டும், தாராளமாக நம்பலாம். அடுத்த இரண்டு மாதம் அந்த மறு பாதியைச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று கதையைப் படித்து, மூன்றுக்கும் பொருந்துகிற ஒரு வாக்கியத்தை அவர்களே எழுத வேண்டும். நாலாவது கதையைப் படித்த பிறகும் அந்த வாக்கியம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்த வாக்கியங்கள்தான் அதிகம். நின்ற வாக்கியத்தை எழுதியவள் அன்று முழுக்கத் தரையில் நடக்க மாட்டாள்.

இப்படி நான் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்த சமயத்தில்தான் ஆபீசிலிருந்து அந்தக் கடிதம் வந்தது.

எங்கள் பள்ளியைப் பார்வையிடுவது ஒரு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள். கண்டிப்பானவர், நேர்மையானவர். குறிப்பேட்டில் சுற்றி வளைக்காமல் எழுதுவார். நான் வேலைக்குச் சேர்ந்த ஒன்றரை வருஷத்தில் மூன்று தடவை வந்திருந்தார். மூன்று தடவையும் ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. முதல் தடவை நான் ஊருக்குப் புதிது, பிள்ளைகளை அழைத்துவர எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்று நினைத்தேன். இரண்டாம் தடவை கடலைக்காய் பறிப்பு. மூன்றாம் தடவை மாரியம்மன் நோம்பித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று தடவைக்கும் மூன்று காரணத்தை நானே நினைத்து நானே சமாதானமாகிக்கொண்டேன்.

அவர் சமாதானமாகவில்லை. 'இவ்வூர்ப் பெண்கள் எப்போதும் பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை. மூன்று முறை நேரில் வந்து பார்த்தேன். படிப்பில் இவர்களுக்கு நாட்டமில்லை. ஐந்தாம் வகுப்பை மூடிவிடலாம்' என்று அவர் எழுதியதைக் காட்டி, ஏன் மூடக் கூடாது என்று இந்த மாதத்துக்குள் விளக்கம் எழுதும்படி ஆபீசில் கேட்டிருந்தார்கள்.

ஐந்தாம் வகுப்பை மூடினால் அந்தப் பதினோரு பேருக்கும் படிப்பு அதோடு சரி. பையன்கள் பள்ளி மூன்று மைல் தள்ளி இருந்தது. பெண்களை யாரும் அங்கே அனுப்பப் போவதில்லை. கடைசி வரிசைப் பெண்ணுக்கு இழப்பு இன்னும் பெரிது. ஐந்தை முடித்தால் திருச்செங்கோட்டில் அத்தை வீட்டில் விட்டு மேலே படிக்கவைப்பதாக அவள் அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். முடிக்காவிட்டால் அவளும் கூலிக்குப் போக வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மேட்டூரிலிருந்து வந்த என் கணவரிடம் இதைச் சொல்லி அழுதேன். அங்கே மின்சார நிலையத்தில் வேலை பார்க்கும் அவர் நிதானமான மனிதர். "கோபத்தில் எதையும் எழுதிப் போட்டுவிடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கோபத்தில் மூன்று தாள் எழுதி மூன்றையும் கிழித்தேன். காகிதத் தட்டுப்பாட்டுக் காலத்தில் அது பெரிய பாவம். திங்கட்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். அம்மாள் எழுதிய வரிகளை, யார் எழுதியது என்று சொல்லாமல், கரும்பலகையில் எழுதினேன். 'இவ்வூர்' என்பதை 'ஓர் ஊர்' என்று மாற்றிவிட்டேன். "இன்றைக்கு இதுதான் பாடம். படித்து, இந்த வாக்கியம் தாங்குமா என்று சொல்லுங்கள்" என்றேன்.

அந்த வாக்கியம் மடமடவென்று சரிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். கிணற்றுக்காரர் மகள் எழுந்தாள். "தாங்குமுங்க டீச்சரம்மா. மூணு தடவ நேர்ல போய்ப் பாத்திருக்காங்க. மூணு கைப்பிடி ஆச்சுங்களே." நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள்.

நான் கொடுத்த அளவுகோலையே எடுத்து எங்களை அளந்துவிட்டார்கள். பேசாமல் அழித்துவிட்டு வேறு பாடத்துக்குப் போகலாமா என்று துணியைக் கையில் எடுத்தேன்.

"அந்த மூணு நாளும் என்ன கெழமைங்க?" என்று கடைசி வரிசைப் பெண் கேட்டாள்.

"ஏன் கேட்கிறாய்?"

"மூணு கைப்பிடியும் ஒரே பக்கத்துல எடுத்திருந்தா அது ஒரு கைப்பிடிதானுங்களே. எங்கம்மா ஒத்துக்க மாட்டாங்க."

பார்வையாளர் குறிப்பேட்டில் அம்மாள் வந்த தேதிகள் இருந்தன, கிழமை இல்லை. வருகைப் பதிவேட்டில் விடுமுறையான சனி, ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் சிவப்பு மையால் கோடு இழுத்திருப்போம். அதிலிருந்து எண்ணினால் தெரிந்துவிடும். பதிவேட்டை எடுத்து மேஜைமேல் விரித்தேன். அவளையே எண்ணச் சொன்னேன். முதல் தேதி, சிவப்புக் கோட்டுக்கு அடுத்து இரண்டாம் கட்டம். இரண்டாம் தேதி, கோட்டுக்கு அடுத்து இரண்டாம் கட்டம். மூன்றாவதை அவள் எண்ணுவதற்குள் நான் எண்ணிவிட்டேன். மூன்றுமே செவ்வாய். மூன்றுமே சந்தை நாள்.

பதினோரு பேரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். இதில் பேசுவது தங்களைப் பற்றித்தான் என்று அவர்களுக்குப் புரிந்துபோயிற்று. சந்தையன்று அம்மாக்கள் போய்விடுவார்கள். கைக்குழந்தையையும் ஆட்டையும் மாட்டையும் பெண்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

"அந்தம்மா எதுக்குங்க சந்தையன்னைக்கே வாராங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பஸ்ஸுலதான வாராங்க. பஸ்ஸு சந்தைக்குத்தான வருது" என்றாள் கடைசி வரிசைப் பெண்.

அவ்வளவுதான் விஷயம். பெட்ரோல் கிடைக்காத காலம். கரியைப் போட்டு ஓட்டும் ஒரே பஸ்ஸும் எங்கள் ஊர்ப் பக்கம் சந்தை நாளில் மட்டும்தான் எட்டிப் பார்க்கும். அம்மாள் அதில் வந்து அதிலேயே திரும்புவார். அவர் பொய் எழுதவில்லை. பார்த்ததைத்தான் எழுதினார். பஸ் கொண்டுவந்து விட்ட நாளில் பார்த்தார்.

நான் அவளைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். எனக்கு உடனே வந்தது ஆவேசம்தான். "எல்லாரும் பலகையை எடுங்கடி. நாமே விளக்கம் எழுதுவோம். செவ்வாய்க்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் நாங்கள் எல்லாரும் தவறாமல் பள்ளிக்கு வருகிறோம். எழுதுங்கள்" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

பத்துப் பேர் எழுதினார்கள். ஒருத்தி எழுதவில்லை.

"என்னடி?"

"அது பொய்யிங்க டீச்சரம்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "கடலக்கா பறிக்கறப்ப நாங்க திங்கக்கெழமையும் வல்லீங்களே. ஏட்டுலயே இருக்குதுங்க."

பதிவேட்டைப் பார்த்தேன். இருந்தது. மற்ற நாட்களில் பதினொன்றுக்குப் பத்து, ஒன்பது என்று நன்றாகத்தான் வந்திருந்தார்கள். கடலைக்காய் பறிக்கும் மாதத்தில் மட்டும் வரிசையாக ஓட்டை. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "உண்மையெல்லாம் எழுதினால் வகுப்பை மூடிவிடுவார்கள். உன் திருச்செங்கோடும் போய்விடும், தெரியுமா?" என்றேன். ஒரு பிள்ளையிடம் சொல்லக் கூடாத பேச்சு அது.

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அந்தம்மா நம்ம மூட்டையிலயும் கைய உட்டுப் பாப்பாங்களேங்க. அடியில கல்லு கெடந்தா நாமளும் ஏமாத்தறவங்கன்னு ஆயிருமுங்களே."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. "சரி சாமி, நீயே சொல்லு, எப்படி எழுதலாம்?" என்று கேட்டேன்.

அவர்கள் பதினோரு பேரும் சேர்ந்து எழுதிய விளக்கம் அரைப் பக்கம்கூட வராது. 'தாங்கள் வந்த மூன்று நாட்களும் செவ்வாய்க்கிழமை. அன்று சந்தை. அம்மா சந்தைக்குப் போவதால் எங்களில் பாதிப் பேர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம். மற்ற நாட்களில் பெரும்பாலும் பள்ளிக்கு வருகிறோம். கடலைக்காய் பறிக்கும் மாதத்தில் வருவது குறையும். பதிவேட்டைப் பார்த்தே இதை எழுதினோம். தாங்கள் வேறொரு கிழமையில் வந்து பார்க்க வேண்டுகிறோம்.' அவ்வளவுதான். நான் அதை நகலெடுத்து, என் பங்குக்கு ஒரு வரிகூடச் சேர்க்காமல், அம்மாள் பெயருக்கே ஆபீசுக்குத் தபாலில் அனுப்பினேன். ஒரு வரியும் சேர்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மூன்று வாரம் பதில் இல்லை. நாலாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, மணி பத்து இருக்கும், பள்ளி வாசலில் ஒற்றை மாட்டு வண்டி வந்து நின்றது. சங்ககிரி ரயிலடியிலிருந்து அத்தனை மைல் அதில் வந்திருந்தார் அம்மாள். சேலை முழுக்கச் செம்மண். இறங்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேரே ஐந்தாம் வகுப்புக்கு எதிரே போய் நின்று எண்ணினார். பத்துப் பேர்.

"பதினோராவது பெண் எங்கே?"

"அவளுக்கு அம்மை போட்டிருக்குதுங்க. பத்து நாளாச்சுங்க" என்றாள் கடைசி வரிசைப் பெண்.

பதிவேட்டை வாங்கி அரை மணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடலைக்காய் மாதத்தில் வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார், பிள்ளைகளின் கடிதத்தை எடுத்து ஒரு தடவை பார்த்தார், மேலே போனார். பிறகு தன் பையிலிருந்து எங்கள் பள்ளியில் இல்லாத ஒரு வாசகப் புத்தகத்தை எடுத்து, "இந்தக் கடிதத்தை எழுதினது யார்?" என்று கேட்டார். பத்துக் கையும் ஒருத்தியைக் காட்டின. அவளைக் கூப்பிட்டு, ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

மலைவாசிகளைப் பற்றிய பாடம். எழுதியவர் ஒரு நாள் மலையேறிப் போனாராம். வழியெல்லாம் ஆணும் பெண்ணும் சுமை தூக்கிக்கொண்டு ஓடுவதைக் கண்டாராம். மலையில் வாழ்பவர்கள் எல்லாரும் உடல் வலிமை மிக்கவர்கள், அவர்களுக்கு நோயே வருவதில்லை என்று முடித்திருந்தார். அவள் திக்காமல் படித்தாள்.

"இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று அம்மாள் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"எழுதுனவரு பாத்தவங்க வலுவா இருந்தாங்கன்னு தெரியுதுங்க. நோயே வராதுங்கறது தெரியலீங்க. ஒரு நாளு வழியில போறவங்களப் பாத்தா நோயாளி எப்படிங்க கண்ணுல படுவாங்க? அவங்க ஊட்டுக்குள்ளயில்ல படுத்திருப்பாங்க."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஆமாம்மா. வீட்டுக்குள்ளே இருக்கிறவர்கள் கண்ணில் படமாட்டார்கள்தான்" என்றார். அவர் சொன்னது மலைவாசிகளைப் பற்றியல்ல என்பது எனக்குப் புரிந்தது.

குறிப்பேட்டை வாங்கி எழுத உட்கார்ந்தார். நெடுநேரம் எழுதினார். எழுதி முடித்து, மை காய்வதற்குக் கொஞ்சம் பொறுத்து, குறிப்பேட்டை அந்தப் பெண்ணிடமே கொடுத்தார். "எல்லாரும் கேட்கட்டும். சத்தமாகப் படி."

முந்தைய தம் குறிப்பு சரியாகச் சோதித்து எழுதப்பட்டதல்ல என்று தொடங்கியிருந்தார். ஐந்தாம் வகுப்பு தொடர்ந்து நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். சனிக்கிழமைக்குப் பதிலாகச் சந்தை நாளான செவ்வாய்க்கிழமையை இந்தப் பள்ளிக்கு விடுமுறையாக்கச் சிபாரிசு செய்வதாக எழுதியிருந்தார். அந்த இடத்தில் எனக்குக் கால் தரையில் இல்லை. கடைசியாக, 'இவ்வூர்ப் பெண்கள் எல்லாரும் மிகுந்த அறிவும் நேர்மையும் உடையவர்கள்' என்று ஒரு வரி. கீழே கையொப்பம்.

படித்துக்கொண்டு வந்த பெண் அந்த வரியை முடித்ததும் குறிப்பேட்டை மூடாமல் நின்றாள். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் என் கண்ணை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு விரலைத் தூக்கினாள்.

"ஏனுங்கம்மா, இதுவும் ஒரு நாளுதானுங்களே?"

சின்ன வகுப்பு ஆசிரியை அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அம்மாள் கையை நீட்டிக் குறிப்பேட்டை வாங்கினார். 'இவ்வூர்ப் பெண்கள் எல்லாரும்' என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே 'இன்று நான் கண்ட பத்துப் பேரும்' என்று எழுதினார். திருத்திய இடத்துக்குப் பக்கத்தில் முறைப்படி ஒரு சுருக்கொப்பம் போட்டார். பிறகு அவள் தலையில் கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தார்.

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய் மறைந்ததும் நான் அவளைக் கூப்பிட்டேன். திட்டுவதற்குத்தான் கூப்பிட்டேன் என்று நினைக்கிறேன். "புகழ்ந்து எழுதின அந்த ஒரு வரியையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா? நம் ஊருக்கே பெருமையாக இருந்திருக்குமே" என்றேன்.

அவள் பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்று உண்மையிலேயே புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க" என்றாள்.